யன்னல் கண்ணாடிகளுக்கு நடுவே புகார் (ஈர மூட்டம்): பிரேமோடு மாற்றுவதா, கண்ணாடி மட்டும் மாற்றுவதா?

வாசுகி_மார்க்கம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கனடாவில், ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில், 2004இல் கட்டியது. வெள்ளை வினைல் பிரேம், இரட்டைக் கண்ணாடி யன்னல்கள். தெற்கே பார்த்த வரவேற்பறையின் பெரிய யன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் புகார் பிடிக்கிறது. காலையில் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் தெளியும். உள்ளேயும் வெளியேயும் துடைத்துப் பார்த்தாயிற்று. ஈரம் இருப்பது கை போகாத இடத்தில். மேல்மாடிப் படுக்கையறை யன்னலிலும் இப்போது ஒரு மூலையில் தொடங்கியிருக்கிறது.

ஒரு கொம்பனியைக் கூப்பிட்டேன். வந்தவர் யன்னலை ஐந்து நிமிடம் பார்த்தார், மிச்ச நேரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைத்தார். வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் பிரேமோடு மாற்ற 19,000 டொலர், இந்த இரண்டை மட்டும் என்றால் 3,400 டொலர். இன்றைக்கே கையெழுத்து வைத்தால் பெரிய விலைக்கழிவு தருவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், பிரேமை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம் என்கிறார். அது உண்மையா? செய்தால் நிலைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில்_குமரன்

அக்கா, 20 வருசம் போன யன்னல். கண்ணாடிக்குச் செலவழித்து அடுத்த வருசம் பிரேம் போனால் திரும்பவும் காசு. ஒரேயடியாக மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். வீட்டை விற்கும்போதும் "புது யன்னல்" என்று போடலாம்.

முத்து_பிராம்டன்

கண்ணாடி மட்டும் தாராளமாக மாற்றலாம். எங்கள் வீட்டில் ரெண்டு ஜன்னலுக்கு அப்படித்தான் செய்தோம். இங்கே ஒன்ராறியோவில் இதை மட்டுமே தொழிலாகச் செய்கிற சின்னக் கடைகள் நிறைய இருக்கின்றன. "சீல்ட் யூனிட்" என்று கேளுங்கள், பழைய ஆட்கள் "தெர்மோ" என்பார்கள். ஜன்னல் விற்கிற கம்பெனியிடம் போனால் ஜன்னல்தான் விற்பார்கள். கண்ணாடிக் கடைக்குப் போங்கள்.

யன்னல்வேலை

தங்கச்சி, நான் இந்தத் துறையில் நெடுங்காலமாக இருக்கிறவன். முதலில் கண்ணாடி யூனிட் செய்யும் தொழிற்சாலையில் நின்றேன், இப்போது வீடுகளுக்குப் போய் மாற்றிக் கொடுக்கிறேன். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விசயத்தில் ஆட்களைப் பயப்படுத்தித்தான் கூடக் காசு வாங்குகிறார்கள்.

உங்கள் யன்னலில் பழுதாகியிருப்பது யன்னல் இல்லை, அதற்குள் இருக்கும் ஒரு பாகம். இரண்டு கண்ணாடித் தகடு, அவற்றை விலக்கிப் பிடிக்க விளிம்பைச் சுற்றி ஒரு ஸ்பேசர். மூன்றும் சேர்ந்து தொழிற்சாலையிலேயே அடைபட்டு வருகிற ஒரு பெட்டி அது, முத்து சொன்ன சீல்ட் யூனிட். ஸ்பேசருக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் நிரப்பியிருக்கும். ஸ்பேசருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருப்பது கறுப்பு நிறப் பியூட்டைல் என்ற ரப்பர்ப் பசை, ஈராவியைத் தடுக்கிற வேலை அதனுடையது. அதற்கு வெளியே இரண்டாவது பூச்சு, சிலிக்கனோ பொலிசல்பைட்டோ, கட்டிப் பிடிக்கிற வேலை அதற்கு. நடுவில் ஆர்கன் வாயு அல்லது வெறும் காய்ந்த காற்று.

வெயில் பட்டால் உள்ளே இருக்கும் வாயு விரியும், இரவுக் குளிரில் சுருங்கும். அடைத்த பெட்டி என்பதால் கண்ணாடி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெளியே வளைந்து கொஞ்சம் உள்ளே வளையும். அந்த இழுபறி எல்லாம் விளிம்பில்தான் போய் விழும். தெற்கு, மேற்குப் பக்கத்து யன்னல்கள் முதலில் போவது இதனால். எங்காவது ஒரு மயிரிழை விலகினால் ஈரக் காற்று உள்ளே வரும். கொஞ்சக் காலம் அந்த மணிகள் உறிஞ்சிச் சமாளிக்கும். அவை நிரம்பிய பிறகுதான் உங்கள் கண்ணுக்குப் புகார் தெரியும். ஆகவே நீங்கள் பார்க்கும் நாளுக்கு வெகு முன்னமே சீல் போய்விட்டது. இன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

பிரேம் நல்லதா என்பதை நீங்களே பார்க்கலாம். நான்கு மூலைகளிலும் வினைல் ஒட்டிய இடம் வெடித்திருக்கிறதா? திறக்கும் யன்னல் என்றால் ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் உருவி வந்தால் சுற்றியுள்ள ரப்பர் போயிருக்கும், அது தனியாகவே வாங்கி மாற்றக்கூடிய சாமான். யன்னலுக்குக் கீழே சுவர் ஊதியிருக்கிறதா, சட்டத்தின் அடி மூலையில் கறுப்புப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டால் பிரேமைக் கழற்றி எறிய ஒரு காரணமும் இல்லை.

வாசுகி_மார்க்கம்

மிக்க நன்றி அண்ணா. மூலைகள் நன்றாக இருக்கின்றன. வரவேற்பறையில் இருப்பது திறக்காத யன்னல். படுக்கையறையில் இருப்பது கைப்பிடி சுற்றித் திறப்பது, கடதாசி இறுக்கமாகவே நின்றது. சுவரிலும் ஈரம் இல்லை.

நிலா_வீடு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் வின்ரரில் யன்னல் அடியில் தண்ணீர் வடிகிறது, துணி வைத்துத் துடைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் கண்ணாடி மாற்ற வேண்டுமா?

யன்னல்வேலை

விரலால் தொட்டால் நனைகிறதா? அப்படியென்றால் அது வீட்டுக்குள் இருக்கும் ஈரம். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களின் வீடுகளில் இது அதிகம். காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவில் புட்டு என்று ஆவி நின்றபடி இருக்கும், அதோடு உடுப்பும் உள்ளே காயும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடுங்கள். அது வெளியே ஊதுகிறதா, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் காற்று மாற்றும் பெட்டி இருந்தால் வின்ரரில் அதை நிற்பாட்ட வேண்டாம். திரைச்சீலையைப் பகலில் உயர்த்தி விடுங்கள், சூடான காற்று கண்ணாடியில் பட வேண்டும். ஈரப்பதமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். வெளியே மைனஸ் 20 போகிற நாட்களில் உள்ளே 30 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

இலையுதிர் காலக் காலைகளில் யன்னலின் வெளிப்பக்கம் பனித்திருந்தால் சந்தோசப்படுங்கள். வீட்டுச் சூடு வெளிக் கண்ணாடி வரைக்கும் கசியவில்லை என்று அர்த்தம். நடுவில் இருக்கும் ஈரம்தான் பழுது.

கொக்குவில்_குமரன்

அண்ணை, ஒரு கேள்வி. கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு ஈரத்தை எடுத்துவிட்டு அடைக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தேன். அது இன்னும் மலிவாமே?

யன்னல்வேலை

மலிவுதான். ஆனால் நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். ஈரம் போகும், பார்வை தெளியும், சரி. விளிம்பில் விட்ட சீல் அப்படியே விட்டபடிதான் இருக்கும். ஆர்கன் திரும்ப வராது, ஸ்பேசருக்குள் இருக்கும் மணிகளும் புதிதாகாது. கண்ணாடியில் தகரம் போலச் சாம்பல் திட்டுகளோ வானவில் கறையோ வந்திருந்தால் அது உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு அரித்துப் போனது, அதை எதாலும் கழுவ முடியாது. டெம்பர் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்றால் ஓட்டை போடும்போதே முழுதும் நொறுங்கிக் கொட்டும்.

வெப்பக்கணக்கு

நான் கட்டடச் சக்தித் துறையில் வேலை செய்கிறேன். யன்னல்வேலை அண்ணா சொன்ன பழுதின் காரணம் சரி. ஆனால் முழுமையாக மாற்றுவதை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கனடாவில் 2020 தொடக்கம் எனர்ஜி ஸ்டார் என்ற சக்திச் சேமிப்புச் சான்றுக்கு யன்னலின் யூ மதிப்பு (சூடு கடக்கும் அளவு, குறைந்தால் நல்லது) 1.22க்கு மேல் போகக் கூடாது, அல்லது ஈ.ஆர். புள்ளி (மொத்தச் சக்தித் தரம், கூடினால் நல்லது) 34 ஆவது இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுக் கட்டுமான வீடுகளில் கட்டுநர் போட்ட சாதாரண யன்னல் அதற்குக் கிட்டவும் வராது. மூன்று கண்ணாடி யன்னல் போட்டால் அருகில் உட்கார்ந்திருக்கும்போதே வித்தியாசம் தெரியும். வீட்டின் ஆயுளை யோசித்தால் அது நல்ல முதலீடு.

யன்னல்வேலை

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு யூ மதிப்பு ஏறத்தாழ 2.8. அதே பிரேமில் லோ-ஈ பூச்சும் (சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படலம்) ஆர்கனும் உள்ள புது யூனிட் போட்டால் நடுப்பகுதி 1.4க்குக் கிட்ட வந்துவிடும். பாதி. யன்னலின் பெரும்பரப்பு கண்ணாடிதான். ஆக, கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரிய பங்கு, பிரேமைத் தொடாமலே கிடைக்கிறது. அந்த மிச்சத்துக்காக 19,000 டொலர் போட்டால், எரிவாயு பில்லில் அது திரும்பி வர எத்தனை காலம் ஆகும்?

வெப்பக்கணக்கு

எரிவாயுச் சேமிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, யன்னல் மாற்றிய காசு சேமிப்பில் திரும்ப மிக நீண்ட காலம் எடுக்கும். கூரைக் காப்பும் காற்றுக் கசிவு அடைப்பும் அதைவிடக் கெதியாகத் திரும்பத் தரும், அதை நானே வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். நான் கவலைப்படுவது பிரேமுக்கும் சுவருக்கும் இடையே. அக்காலத்தில் அந்த இடைவெளியில் பலர் நுரை அடிக்காமல் கண்ணாடிநார்ப் பஞ்சை அடைத்துவிட்டுப் போனார்கள். குளிர்காற்று அதன் வழியாக வரும். கண்ணாடியை மட்டும் மாற்றினால் அது அப்படியே இருக்கும்.

யன்னல்வேலை

இது நல்ல கருத்து, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் யன்னலைக் கழற்றத் தேவையில்லை. உள்பக்க மரச்சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தால் இடைவெளி தெரியும். பஞ்சை எடுத்துவிட்டு, யன்னலுக்கென்றே விற்கும் மெல்ல விரிகிற நுரையை அடியுங்கள். சாதாரண நுரை அடித்தால் அது பிரேமைப் பிதுக்கி, திறக்கும் யன்னல் பூட்டாமல் போய்விடும்.

மூன்று கண்ணாடி பற்றி ஒரு சொல். உங்கள் பிரேமில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் தடிப்பு முக்கால் அங்குலமோ எட்டில் ஏழு அங்குலமோதான் இருக்கும். வழக்கமான மூன்று கண்ணாடி யூனிட் அதற்குள் போகாது. பாரமும் கூடும். கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ. 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டென்றால் சதுர மீற்றருக்கு 15 கிலோ, மூன்றென்றால் 22.5. கைப்பிடி சுற்றித் திறக்கும் யன்னலின் பிணைச்சல் அந்தப் பாரத்துக்குச் செய்ததில்லை.

ரதி_ஏஜாக்ஸ்

நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு எழுபதுகளில் கட்டியது, மர யன்னல். கண்ணாடி மட்டும் மாற்றத்தான் ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் திருப்புளியை அடிச்சட்டத்தில் வைத்து அழுத்தினார், மரத்துக்குள் அப்படியே இறங்கிவிட்டது. "அக்கா, இதில் புதுக் கண்ணாடி வைத்தால் அது நிற்க இடமில்லை" என்று அவரே வேலையை வேண்டாம் என்றார். ஆகவே முழுதாக மாற்றினோம், அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் முழுதாக மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகச் சொல்கிற இடங்கள் பல, பழைய மரச்சட்டத்தை விட்டுவிட்டு அதற்குள் புதுப் பிரேமைச் சொருகுவார்கள். கண்ணாடி நாலு பக்கமும் சுருங்கிவிடும். படுக்கையறை யன்னலில் அது வெறும் வெளிச்சப் பிரச்சினை இல்லை. நெருப்புப் பிடித்தால் அதால்தான் இறங்க வேண்டும். ஒன்ராறியோக் கட்டடச் சட்டத்தில் திறக்கும் வழி 0.35 சதுர மீற்றராவது இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. எங்கள் நிலவறைப் படுக்கையறைக்கு முதலில் தந்த திட்டத்தில் இந்த அளவு வரவில்லை. செங்கல் வரை எடுத்து முழுதாகப் போட வைத்தேன்.

முத்து_பிராம்டன்

ரதி அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். கண்ணாடி மட்டும் மாற்றினால் திறப்பு அளவு மாறாது என்பது இன்னொரு நல்ல விஷயம்.

கொண்டோ_சுகு

நான் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்கள் யன்னலும் இப்படித்தான். நானே கண்ணாடிக் கடையைக் கூப்பிடலாமா?

யன்னல்வேலை

வேண்டாம். கொண்டோவில் வெளி யன்னல் பெரும்பாலும் பொதுச் சொத்தில் சேரும். எது பொது, எது உங்களுடையது என்று சொல்லும் கொண்டோவின் பிரகடனப் பத்திரத்தைப் பாருங்கள், நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். படமெடுத்து அனுப்புங்கள். தரிப்பிடத்தில் கண்டு வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு விட்டால் அது எங்கும் பதிவாகாது.

வாசுகி_மார்க்கம்

அண்ணா, கண்ணாடிக் கடைக்குப் போன் எடுத்தேன். அளவு, தடிப்பு, லோ-ஈ வேண்டுமா, ஸ்பேசர் என்ன நிறம் என்று கேட்டார்கள். அவர்களே வந்து அளப்பார்களாம், ஆனால் நான் ஒன்றும் தெரியாமல் நிற்க விரும்பவில்லை. என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?

யன்னல்வேலை

நல்ல கேள்வி. பகல் வெளிச்சத்தில் யன்னலின் மேல் மூலைக்குக் கிட்டப் போய், கண்ணாடிக்குள் தெரியும் ஸ்பேசரில் கண்ணை ஓட்டுங்கள். பொடி எழுத்தில் ஏதாவது அடித்திருக்கும்: செய்த கொம்பனி, மாதம், வருசம், சிலவேளை ஐ.ஜி.எம்.ஏ.சி. என்ற கண்ணாடி யூனிட் செய்வோர் சங்க முத்திரை. அதைப் படமெடுங்கள். கொம்பனி இன்னும் இயங்கினால் உத்தரவாதம் பற்றிக் கேட்கலாம். பல உத்தரவாதங்கள் முதல் வீட்டுக்காரருக்கு மட்டும்தான், வருசம் போகப் போகத் தரும் பங்கும் குறையும். ஆனாலும் ஒரு போன் எடுப்பதில் நட்டமில்லை.

லோ-ஈ இருக்கிறதா என்று பார்க்க, இரவில் கைபேசியின் வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு முன் பிடியுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நான்கு பரப்பு, ஆகவே நான்கு வெளிச்சப் புள்ளி தெரியும். நான்கும் ஒரே நிறம் என்றால் பூச்சில்லை. ஒன்று மட்டும் ஊதாவோ இளஞ்சிவப்போ என்றால் பூச்சு இருக்கிறது. வெளியிலிருந்து எண்ணி எத்தனையாவது புள்ளி நிறம் மாறியது என்று குறித்துக் கொள்ளுங்கள். புதிது வந்த பிறகும் இதே சோதனையைச் செய்து பாருங்கள், கண்ணாடியைத் திருப்பி மாட்டினால் தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் யன்னலில் பூச்சு இல்லாமல் இதில் மட்டும் போட்டால், வெளியிலிருந்து பார்க்க நிறம் சற்று வேறுபடும். வீட்டு முகப்பில் அது சிலருக்குக் கண்ணை உறுத்தும். பின்பக்கம் என்றால் கவலையே படாதீர்கள்.

கண்ணாடியின் மூலையில் சின்ன முத்திரை பொறித்திருந்தால் அது டெம்பர். கதவு, கதவின் பக்கக் கண்ணாடி, குளியல் தொட்டிக்கு மேலே என்றால் மாற்றும்போதும் டெம்பர்தான் போட வேண்டும். அதைச் செய்த பிறகு வெட்ட முடியாது, ஆகவே அளவில் பிழை வந்தால் முழுதும் வீண். செய்து வரவும் கூடக் காலம் எடுக்கும்.

முத்து_பிராம்டன்

அண்ணா, நானே போடுகிறேன் என்று நினைப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் படுக்கையறை ஜன்னலை நான் என் மச்சானோடு சேர்ந்து மாற்றினேன். பெரியதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன்.

யன்னல்வேலை

நீங்கள் செய்தது சரியான பிரிப்பு. சின்ன யன்னல், கைக்கெட்டும் உயரம், ஆள் துணை இருந்தால் செய்யலாம். பெரிய கண்ணாடியையும் மாடி யன்னலையும் விட்டுவிடுங்கள். கையுறை, கண்ணுக்குக் காப்பு, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே வேண்டாம்.

வினைல் பிரேமில் கண்ணாடியைப் பிடித்திருப்பது நாலு பக்கமும் அழுத்தி மாட்டிய ஒரு பட்டி. ஸ்டொப்பர் என்போம். பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். நீளமான பட்டியின் நடுவில் தட்டையான அலகை நுழைத்து மெதுவாக நெம்பினால் "டக்" என்று விடும். நடுவிலிருந்து மூலைக்குப் போக வேண்டும், மூலையில் தொடங்கினால் நுனி உடையும். குளிர் நாளில் செய்யாதீர்கள், பழைய வினைல் குளிரில் முறியும். ஒவ்வொரு பட்டியின் பின்னாலும் மேல், கீழ், இடம், வலம் என்று எழுதி வையுங்கள்.

பள்ளத்தின் அகலத்தையும் உயரத்தையும் மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். அதில் கால் அங்குலம் கழித்தது யூனிட்டின் அளவு. ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் விட்டால்தான் வெயிலில் விரிய இடம் இருக்கும். தடிப்பு சரியாக வர வேண்டும். கூடினால் ஸ்டொப்பர் மாட்டாது, குறைந்தால் காற்றில் கண்ணாடி கிலுகிலுக்கும்.

சில பிரேம்களில் கண்ணாடியை வெளிப்பக்க உதட்டோடு இருபக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டியிருப்பார்கள். அதை மெல்லிய கத்தியால் சுற்றி அறுத்த பிறகுதான் அசையும். நெம்பாதீர்கள், அறுங்கள்.

அடியில் இரண்டு சின்ன ரப்பர்க் கட்டை இருக்கும், அகலத்தின் கால்வாசியில் ஒன்று, முக்கால்வாசியில் ஒன்று. முழுப் பாரமும் அதன்மேல்தான் நிற்கும். பழையதோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கண்ணாடியை நேரே வினைலில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் விளிம்பு ஈரத்திலேயே கிடக்கும்.

கண்ணாடியை எடுத்த பிறகு பள்ளத்தின் அடியை நன்றாகப் பாருங்கள். மழைத்தண்ணீர் கொஞ்சம் அந்தப் பள்ளத்துக்குள் வரத்தான் செய்யும். அப்படி வந்தது வடிய பிரேமின் அடியில் வெளிப்பக்கம் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அந்தத் துளை அடைபட்டால் தண்ணீர் தேங்கும், யூனிட்டின் அடி விளிம்பு நாள்கணக்காக ஊறும், எந்த சீலும் அதைத் தாங்காது. நான் போகிற வீடுகளில் அடி மூலையிலிருந்து புகார் தொடங்கிய யன்னல்களில் இதைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். புழுதி, எறும்புக் கூடு, அல்லது யாரோ நல்ல எண்ணத்தில் பூசிய கோக்கிங், அதாவது இடைவெளி அடைக்கும் பசை. துளையைத் திறக்காமல் புதுக் கண்ணாடி வைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

வாசுகி_மார்க்கம்

இதை வாசித்துவிட்டு இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்தேன். வரவேற்பறை யன்னலின் அடியில் ஒரு வரிக்கு வெள்ளை கோக்கிங் பூசியிருக்கிறது. முன்பு வெளிப்பூச்சு வேலைக்கு வந்தவர்கள் செய்தது. துளையே தெரியவில்லை. நகத்தால் கிளறினேன், உள்ளே நீளமான துளை ஒன்று இருக்கிறது!

யன்னல்வேலை

அதுதான் விசயம். கூரான கத்தியால் அந்தத் துளைகள் இருக்கும் இடத்தில் மட்டும் அறுத்து எடுங்கள். பிரேமும் செங்கலும் சேரும் இடத்துக் கோக்கிங்கைத் தொடாதீர்கள், அது அங்கே தேவை. மற்ற யன்னல்களையும் சுற்றிப் பாருங்கள். இன்னும் போகாத கண்ணாடிகளைக் காப்பாற்ற இது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை, காசும் இல்லை.

கொக்குவில்_குமரன்

இதை வாசித்த பிறகு எனக்கும் மனம் மாறுகிறது. அண்ணை, உதவித்தொகை ஏதும் கிடைக்குமா?

வெப்பக்கணக்கு

மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் உதவித்தொகை 2021இல் தொடங்கி 2024 தொடக்கத்தில் புது விண்ணப்பங்களை நிறுத்தியது. அதிலும் சான்று பெற்ற முழு யன்னலுக்குத்தான் கொடுத்தார்கள், கண்ணாடிக்கு இல்லை. சான்று என்பது பிரேம், கண்ணாடி, ஸ்பேசர் மூன்றும் சேர்ந்த முழு யன்னலைச் சோதித்துத் தருவது. ஆகவே இந்த வேலைக்கு உதவித்தொகையை எதிர்பார்க்காமல் கணக்குப் போடுங்கள். உதவித்தொகை கிடைக்கும் என்று சொல்லி முழு யன்னலை விற்க வருபவரிடம், திட்டத்தின் பெயரையும் தொகையையும் எழுத்தில் கேளுங்கள்.

ரதி_ஏஜாக்ஸ்

வாசுகி, அந்த "இன்றைக்கே கையெழுத்து" ஆளிடம் ஏதும் வைத்துவிட்டீர்களா? வைத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். நீங்களாகக் கூப்பிட்டு வந்தவராக இருந்தாலும் சரி. தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாமல் எழுத்தில் அனுப்புங்கள். என் மாமியார் இப்படித்தான் ஒன்றிலிருந்து வெளியே வந்தார்.

வாசுகி_மார்க்கம்

இல்லை அக்கா, வைக்கவில்லை. ஆனால் இது தெரியாமல் எத்தனை வயதானவர்கள் வைத்திருப்பார்கள் என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது. என் அம்மா தனியாக இருந்திருந்தால் அன்றைக்கே வைத்திருப்பார்.

வாசுகி_மார்க்கம்

வேலை முடிந்தது, விபரம் எழுதுகிறேன். இரண்டு யூனிட்டுக்கும் மாற்றுக் கூலியோடு 820 டொலர், வரி தனி. லோ-ஈ, ஆர்கன், அலுமினியத்துக்குப் பதிலாகச் சூட்டைக் குறைவாகக் கடத்தும் ஸ்பேசர். கண்ணாடிக்குப் 10 வருச உத்தரவாதம், பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். அளந்து போன பிறகு யூனிட் செய்து வர இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தது. மாற்றியது ஒரு காலைப்பொழுது.

வரவேற்பறைக் கண்ணாடியை இரண்டு பேர் உறிஞ்சுபிடி வைத்துத் தூக்கினார்கள். அது வெளியே வந்ததும் பள்ளத்தின் அடியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு விரல் அகலத்துக்குச் சேறு போலக் கறுத்த தண்ணீர். பழைய யூனிட்டின் அடி விளிம்பில் பியூட்டைல் நூல் நூலாக இழுபட்டு ஒட்டியது, மேல் விளிம்பு புதிது போல இருந்தது. துளைகள் திறந்த பிறகு ஒரு குவளை தண்ணீரை அதற்குள் ஊற்றிக் காட்டச் சொன்னேன். வெளியே வடிவாக ஓடியது. அதன் பிறகுதான் ரப்பர்க் கட்டை வைத்துப் புதுசை ஏற்றினார்கள்.

இரவில் கைபேசி வெளிச்சம் பிடித்தும் பார்த்தேன் அண்ணா, வெளியிலிருந்து இரண்டாவது புள்ளி ஊதா. பக்கத்து யன்னலில் நான்கும் ஒரே நிறம். வெளியில் நின்று பார்த்தால் நிற வித்தியாசம் இருக்கிறது, மெல்லிய பச்சை போல. எனக்கு அது பரவாயில்லை.

யன்னல்வேலை

இரண்டாவது பரப்பில் பூச்சு என்றால் கோடையில் வெயிற்சூடும் குறையும், தெற்குப் பக்கத்துக்கு வசதிதான். தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கேட்டீர்களே, அது அருமை. நானும் இனி வீட்டுக்காரர் கேட்காமலே அதைச் செய்து காட்டப் போகிறேன்.

ஒன்று மட்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஒட்டியைக் கிழித்து எறியாமல் பற்றுச்சீட்டோடு வையுங்கள், ஸ்பேசரில் உள்ள எழுத்தையும் படமெடுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள். கறுத்த ஒட்டுப்படலம் எதையும் புதுக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். வெயிலில் ஒரு பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகிக் கண்ணாடி வெடிக்கலாம், உத்தரவாதமும் போய்விடும்.

நிலா_வீடு

எங்கள் வீட்டுக்கு ஈரப்பதமானி வாங்கினேன். 52 சதவீதம் காட்டுகிறது. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி திரும்ப அறைக்குள்ளேயே ஊதுகிற வகை. வெளியே குழாய் போட யாரைக் கேட்பது?

முத்து_பிராம்டன்

அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் போன வருஷம்தான் போட்டோம். சுவரில் எந்த இடத்தில் துளை போடலாம், எரிவாயு மீட்டரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.